மரபணு அறிக்கை வந்த பிறகு: மனச்சிதைவு நோயும் ஏற்பி மரபணுக்களும் – ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியும் அவருடைய அக்காவும் ஒப்புதல் தந்த பிறகே இது எழுதப்பட்டது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம், சிலவற்றை விட்டுவிட்டோம். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

பின்னணி

நோயாளி 24 வயது ஆண். 22 வயதில் முதன்முறையாக எங்கள் பிரிவுக்கு வந்தார். அதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே மெல்ல மெல்ல ஒதுங்கத் தொடங்கியிருந்தார். படிப்பு நின்றது, நண்பர்கள் விலகினார்கள், பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தார். பிறகு இரண்டு ஆண் குரல்கள் தன்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வது கேட்க ஆரம்பித்தது. தான் நினைப்பதெல்லாம் வெளியே ஒலிபரப்பாகிறது என்ற உறுதியான நம்பிக்கையும் வந்தது. மனச்சிதைவு நோய் என்று முடிவு செய்வதில் எங்களுக்குப் பெரிய தயக்கம் இருக்கவில்லை.

ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராமில் குரல்கள் வெகுவாகக் குறைந்தன. முழுக்க நிற்கவில்லை. ஆனாலும் வீட்டில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கும், பகுதி நேர வேலை ஒன்றைப் பார்க்கும் அளவுக்கும் தேறினார். தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பார். இந்தச் சிகரெட் கதை பின்னால் வருகிறது.

பெற்றோர் இருவருக்கும் மனநோய் இல்லை. தாய்மாமன் ஒருவர் நீண்ட காலம் சிகிச்சையில் இருந்திருக்கிறார். என்ன நோய் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தம்பியின் மருந்து, மருத்துவச் சந்திப்பு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டவர் 31 வயதான அக்கா. திருமணமானவர். குழந்தை பெற்றுக்கொள்வது பற்றி அப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

கையில் வந்த அறிக்கை

சிகிச்சை தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆனபோது, எச்சிலை அனுப்பிச் செய்துகொள்ளும் மரபணுப் பரிசோதனை ஒன்றை அக்கா தம்பிக்கும் தனக்குமாக வாங்கினார். எங்களிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கும் காரணம் இல்லை. முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் 'மனச்சிதைவு: ஆபத்து அதிகம்' என்று இருந்தது. உள்ளே 5 மரபணுக்களின் பெயர்கள்: டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் புரதமான டி2 ஏற்பியை உருவாக்கும் டிஆர்டி2, செரோடோனின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் 2ஏ ஏற்பிக்கான எச்டிஆர்2ஏ, அதேபோன்ற குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பியில் ஒரு பகுதியை உருவாக்கும் கிரின்2ஏ, டோபமினைச் சிதைக்கும் நொதிக்கான சிஓஎம்டி, கடைசியாகக் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி2டி6. டிஆர்டி2 வரிக்குக் கீழே, இந்த வகையினருக்கு 'டோபமின் தடுப்பு மருந்துகளின் பலன் குறைவாக இருக்கலாம்' என்ற குறிப்பு. தம்பி எடுத்துவந்த ரிஸ்பெரிடோனும் அந்த வகைதான்.

அக்காவின் அறிக்கையும் கிட்டத்தட்ட இதேபோலத்தான் இருந்தது. அதே டிஆர்டி2, அதே 'ஆபத்து அதிகம்'.

அடுத்து நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. தம்பிக்கு மருந்தால் உடம்பு கனத்திருந்தது, பகலெல்லாம் மந்தமாக இருந்தது. அவருக்கு மருந்தை நிறுத்த வேண்டும், அதற்கு ஒரு காரணமும் வேண்டும். அறிக்கை அந்தக் காரணத்தைத் தந்தது. இருவரும் பேசி நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது மாதத்தில் குரல்கள் பழைய பலத்துடன் திரும்பின. அண்டை வீட்டுக் கதவைத் தட்டி, தன் எண்ணங்களைப் பதிவு செய்யும் கருவியைக் கேட்டுத் தகராறு செய்த இரவில் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள்.

அக்கா அறிக்கையை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கேட்டது இதுதான்: "அவனுக்கு அந்த ஜீனே கெட்டுப்போயிருக்கு டாக்டர். அப்புறம் அதே இடத்துல வேலை செய்யற மருந்தை எதுக்குக் கொடுக்கணும்?"

அறிக்கையை நாங்கள் படித்த விதம்

அந்தக் கேள்வி முட்டாள்தனமானதல்ல. மனநோய் ஆராய்ச்சியே பல ஆண்டுகள் அந்த வழியில்தான் நடந்தது. 1950களில் மனச்சிதைவுக்குக் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து வந்தது. 1970களின் நடுவில், இந்த மருந்துகளின் வீரியம் டோபமின் ஏற்பியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கின்றன என்பதோடு ஒத்துப்போவது தெரிந்தது. 1988இல் டி2 ஏற்பியின் மரபணு கண்டறியப்பட்டது. மருந்து அங்கே வேலை செய்கிறது என்றால் கோளாறும் அங்கேதான் இருக்கும் என்று நினைத்து, நூறு இருநூறு பேரை வைத்து ஏற்பி மரபணு ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒரு குழு தொடர்பு உண்டு என்றது, அடுத்த குழு இல்லை என்றது. இந்த அறிக்கையின் முதல் பக்கம் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது.

வீட்டில் எங்கோ குழாய் கசியும்போது மெயின் வால்வை மூடினால் கசிவு நிற்கும். அதனால் ஓட்டை வால்வில்தான் என்று ஆகிவிடாது. டி2 ஏற்பியை அடைக்கும் மருந்துக்கும் டிஆர்டி2 மரபணுவுக்கும் உள்ள உறவு இப்படித்தான். மூளைப் படங்களை வைத்து நடந்த ஆய்வுகள், நோயாளிகள் பலரிடம் டோபமினை உண்டாக்கி வெளியிடும் பக்கத்தில்தான் மிகுதி இருப்பதைக் காட்டின. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் அவ்வளவு பெரிய மாற்றம் தென்படவில்லை.

அப்படியானால் டிஆர்டி2க்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 2014இல் 36,989 நோயாளிகளையும் 1,13,075 மற்றவர்களையும் ஒப்பிட்டு, மரபணுத்தொகுதி முழுவதையும் அலசிய ஆய்வு வெளியானது. நோயோடு தொடர்புள்ள 108 இடங்களை அது காட்டியது. டிஆர்டி2 இருக்கும் பகுதி அதில் ஒன்று. குளூட்டமேட் ஏற்பிகளான கிரின்2ஏ, ஜிஆர்எம்3, ஜிஆர்ஐஏ1 ஆகியவையும் பட்டியலில் வந்தன. எச்டிஆர்2ஏ, சிஓஎம்டி இரண்டும் வரவில்லை. 2022இல் 76,755 நோயாளிகளுடன் வந்த அடுத்த ஆய்வில் இடங்கள் 287 ஆகின.

தொடர்பு உண்மைதான், அளவுதான் சின்னது. அந்த டிஆர்டி2 பகுதியின் ஆபத்து வடிவம் இருந்தால் நோய் வரும் வாய்ப்பு கூடுவது நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே. நோயே இல்லாத மக்களிலும் பெரும்பாலோர் அதைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறார்கள். போதாக்குறைக்கு, அறிக்கை 'டிஆர்டி2' என்று சோதித்திருந்தது டாக்1ஏ என்ற பழைய குறியீட்டை. அது டிஆர்டி2க்குள் இல்லை, பக்கத்திலிருக்கும் ஏஎன்கேகே1 என்ற வேறொரு மரபணுவுக்குள் இருக்கிறது என்பது 2004இலேயே தெரிந்துவிட்டது. எச்டிஆர்2ஏ வரியில் இருந்த மாறுபாடோ, உருவாகும் புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தைக்கூட மாற்றாத ஒன்று. மருந்துப் பலன் பற்றிய குறிப்பை வைத்து எந்த மருத்துவரும் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பயன்படக்கூடிய வரி ஒன்றே ஒன்று இருந்தது. சிஒய்பி2டி6 நொதி அவருக்கு இயல்பாக வேலை செய்கிறது என்று போட்டிருந்தார்கள். ரிஸ்பெரிடோனைச் சிதைப்பது அந்த நொதி. சிலருக்கு அது மிக மந்தமாகவோ மிக வேகமாகவோ இருக்கும், அப்போது மருந்தளவைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய தகவல் கடைசிப் பக்கத்தில் கிடந்தது.

எந்தச் சோதனை, எதற்காக

அக்காவுடன் நீண்ட நேரம் உட்கார்ந்து பேசியபோது புதிதாக இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. தம்பி மூன்று வயதுக்குப் பிறகே வாக்கியமாகப் பேசத் தொடங்கியிருக்கிறார், பள்ளியில் தனி உதவி தேவைப்பட்டிருக்கிறது. நான்கு வயதில் காய்ச்சல் எதுவும் இல்லாமலே ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது.

இது கணக்கை மாற்றியது. பொதுவான மாறுபாடுகள் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும். ஆனால் அரிதான சில மாற்றங்கள் பல மடங்கு கூட்டும். 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போகும் 22க்யூ11.2 நீக்கம் அவற்றில் நன்கு தெரிந்தது. அது இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. கால்சியம் குறைவு, இதயக் கோளாறு, வலிப்பு என்று உடம்பின் மற்றப் பாகங்களிலும் அது தலைகாட்டும், ஆகவே கண்டுபிடித்தால் கவனிப்பே மாறும். இந்த மாதிரிப் பெரிய நீக்கங்களும் இரட்டிப்புகளும் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம்தான் இருக்கும். வளர்ச்சித் தாமதம் உள்ளவர்களிடம் அந்த விகிதம் கூடுகிறது. எனவே இத்தகைய நீக்கங்களையும் இரட்டிப்புகளையும் தேடும் குரோமோசோம் மைக்ரோஅரே சோதனைக்கு அனுப்பினோம்.

கிரின்2ஏ விஷயத்திலும் நிலைமை மாறிவிட்டது. அறிக்கை சொன்ன கிரின்2ஏ குறியீடு பொதுவான ஒன்று, அதற்கு மதிப்பில்லை. ஆனால் 2022இல் 24,248 நோயாளிகளின் புரதம் உண்டாக்கும் மரபணுப் பகுதிகளை எழுத்தெழுத்தாக வாசித்த ஆய்வு, புரதத்தைப் பாதியில் துண்டித்துவிடும் அரிய மாற்றங்கள் 10 மரபணுக்களில் நோயாளிகளிடம் மிகுந்திருப்பதைக் காட்டியது. கிரின்2ஏ அதில் ஒன்று, இன்னொரு குளூட்டமேட் ஏற்பியான ஜிஆர்ஐஏ3யும் உண்டு. பொதுவான மாறுபாட்டுப் பட்டியலிலும் அரிய மாற்றப் பட்டியலிலும் ஒருசேர வந்திருப்பதால் கிரின்2ஏ ஆராய்ச்சியாளர்களுக்கு முக்கியமானது. அதே மரபணுவின் கோளாறு குழந்தைகளுக்கு வலிப்பையும் பேச்சுக் குறைபாட்டையும் தரும் என்பது அதற்கு முன்பே தெரியும். பேச்சுத் தாமதமும் வலிப்பும் இந்த நோயாளியிடம் இருந்தன. அந்த மரபணுவை முழுமையாக வாசிக்க, தரச்சான்று பெற்ற ஆய்வகத்துக்கு இரத்தம் அனுப்பினோம்.

என்எம்டிஏ ஏற்பி என்றதும் அக்கா இன்னொன்றையும் கேட்டார்: அந்த ஏற்பியை உடம்பின் எதிர்ப்பாற்றலே தாக்கும் மூளையழற்சி ஒன்று உண்டாமே? உண்டு. 2007இல் விவரிக்கப்பட்டது. மரபணு நோயல்ல, குணப்படுத்தவும் முடியும், அதனால் தவறவிடக் கூடாதது. ஆனால் அது பொதுவாகச் சில நாட்களிலோ வாரங்களிலோ வேகமாக வரும், வலிப்பு, விநோத அசைவுகள், உணர்வுக் குழப்பம் எல்லாம் கூட வரும். இவருக்கு நோய் ஓராண்டு ஊறி வந்தது. நான்கு வயதில் வந்த ஒற்றை வலிப்பு இதில் சேராது. அந்த ஏற்பியைத் தாக்கும் ஆன்டிபாடிகள் இரத்தத்தில் இல்லை. முதுகுத்தண்டு நீரை எடுக்கும் அளவுக்குச் சந்தேகம் இல்லை என்பதால் அதோடு விட்டோம்.

முடிவுகள்

மைக்ரோஅரேயில் நோய் விளைவிக்கும் நீக்கமோ இரட்டிப்போ இல்லை.

கிரின்2ஏ வாசிப்பு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. புரதத்தைத் துண்டிக்கும் மாற்றம் இல்லை. ஆனால் ஓர் அமினோ அமிலத்தை இன்னொன்றாக மாற்றும் அரிய மாறுபாடு ஒன்று இருந்தது. ஆய்வகம் அதை 'பொருள் தெளிவாகாத மாறுபாடு' என்று வகைப்படுத்தியது. மருத்துவ மரபியலில் இதைவிடச் சங்கடமான பதில் கிடையாது. ஆம் என்றால் ஒரு வழி, இல்லை என்றால் ஒரு வழி, இதற்கு இரண்டும் இல்லை.

பெற்றோரின் இரத்தத்தைச் சோதித்தோம். அப்பாவிடமும் அதே மாறுபாடு இருந்தது. அவருக்கு வயது 60க்கு மேல், மனநோயும் இல்லை, வலிப்பும் வந்ததில்லை. இதனால் அந்த மாறுபாட்டின் மீதான சந்தேகம் பெரிதும் குறைந்தது. முற்றிலும் போகவில்லை, ஏனென்றால் கிரின்2ஏ மாற்றங்கள் சுமக்கும் எல்லோருக்கும் நோயைத் தருவதில்லை.

எல்-செரின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று அக்கா கேட்டார். கிரின்2ஏ செயலிழந்த சிலருக்கு அதைக் கொடுத்தபோது மனநல அறிகுறிகள் குறைந்ததாக 2025இல் ஓர் ஆய்வு வந்திருந்தது. உடம்பில் எல்-செரின் டி-செரினாக மாறி என்எம்டிஏ ஏற்பியின் வேலையைத் தூண்டுகிறது. ஏற்பியின் வேலை குறைந்திருப்பது நிரூபணமானவர்களுக்கு அது பொருந்தலாம். இவரிடம் இருக்கும் மாறுபாடு ஏற்பியின் வேலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றும் செய்யவில்லையா என்று காட்டும் ஆதாரம் எதுவும் இல்லாத நிலையில், கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

மருந்து

மரபணுச் சோதனைகள் ஒருபுறம் நடக்க, சிகிச்சை அதற்காகக் காத்திருக்கவில்லை. சேர்ந்த அன்றே ரிஸ்பெரிடோனை மறுபடி தொடங்கி 6 மில்லிகிராம் வரை கொண்டுபோனோம். ஆறு வாரம் கடந்தும் குரல்கள் குறையவில்லை. இரத்தத்தில் மருந்தளவு போதுமானதாக இருந்தது, ஆகவே மாத்திரையைத் துப்புகிறாரோ என்ற கேள்விக்கு இடமில்லை. வேறொரு மருந்தான ஓலன்சபின் 20 மில்லிகிராமில் மேலும் ஆறு வாரம். தூக்கம் மட்டும் சீரானது.

போதுமான அளவில், போதுமான காலம், ஒழுங்காக எடுத்துக்கொண்ட இரண்டு மருந்துகளும் பலிக்கவில்லை என்றால் அடுத்தது குளோசபின். இதில் மரபணுவுக்கு வேலையே இல்லை, நாள்காட்டியும் இரத்த அளவும் போதும். குளோசபின் டி2 ஏற்பிகளை மற்றப் பெரும்பாலான மருந்துகளைவிடக் குறைவாகவே பிடிக்கிறது, இருந்தும் மற்றவை தோற்ற இடத்தில் அதுதான் ஜெயிக்கிறது. டி2 ஏற்பி மட்டுமே கதை அல்ல என்பதை அக்காவுக்கு எங்கள் விளக்கங்களைவிட இந்த ஒரு உண்மை நன்றாகப் புரியவைத்தது.

12.5 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றினோம். வாராவாரம் வெள்ளணுக்களின் எண்ணிக்கை, முதல் வாரங்களில் இதயத் தசை அழற்சிக்கான கண்காணிப்பு, மலச்சிக்கலுக்கு முன்கூட்டியே மருந்து. குளோசபின் தரும் மலச்சிக்கல் உயிரையே எடுக்கக்கூடியது, அதைச் சாதாரணமாக நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது சிகரெட்டுக்கு வருவோம். வார்டில் புகைபிடிக்க அனுமதி இல்லை. குளோசபினைச் சிதைக்கும் முக்கிய நொதி சிஒய்பி1ஏ2. சிகரெட் புகையில் இருக்கும் ஹைட்ரோகார்பன்கள் அந்த நொதியை முடுக்கிவிடும், நிகோட்டின் அதைச் செய்யாது. ஆகவே நிகோட்டின் பட்டை ஒட்டியிருந்தாலும், புகை இல்லாத வார்டில் மருந்து இரத்தத்தில் அதிகமாகத் தங்கும். வீட்டுக்குப் போய் மீண்டும் பற்றவைத்தால் அளவு சரியும். வீட்டுக்குப் போய் மூன்றாவது வாரத்தில் அதுதான் நடந்தது: குரல்கள் எட்டிப்பார்த்தன, இரத்த அளவு இலக்கான, மில்லிலிட்டருக்கு 350 நானோகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தது. அளவைக் கூட்டிச் சரிசெய்தோம். பிறகு அவரே புகையைக் குறைக்க விரும்பியபோது, ஒவ்வொரு கட்டத்திலும் இரத்த அளவைப் பார்த்து மருந்தைக் குறைத்தோம்.

அக்காவின் கேள்வி

தம்பியின் சிகிச்சை ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் அக்கா தன்னைப் பற்றிப் பேசினார். அறிக்கை வந்த நாளிலிருந்து குழந்தை யோசனையைத் தள்ளிப்போட்டுவிட்டதாகச் சொன்னார். மரபியல் ஆலோசகரும் நானுமாக அவருடனும் கணவருடனும் உட்கார்ந்தோம்.

பொதுமக்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. நோயாளியின் உடன்பிறந்தவருக்கு அது நூற்றில் ஒன்பது பேர் அளவில். நோய் அதிகம் தொடங்கும் வயதைப் பெரும்பாலும் கடந்துவிட்ட இவருக்கு மிச்சமிருப்பது அதைவிடக் குறைவு. நோயில்லாத அக்காவின் குழந்தைக்கு, அதாவது நோயாளியின் மருமகனுக்கோ மருமகளுக்கோ, நூற்றில் மூன்று நான்கு. நூற்றில் 96 பேருக்கு வராது என்று அதையே திருப்பியும் சொன்னோம், இரண்டு விதமாகவும் கேட்டால்தான் எண் மனதில் சரியாக உட்காரும். நோய் வரும் வாய்ப்பு மக்களிடையே ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபுவழி என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. அதே ஆய்வுகளில்தான் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால், பாதி ஜோடிகளிலாவது மற்றவருக்கு வராமல் இருக்கிறது.

ஆயிரக்கணக்கான மாறுபாடுகளைக் கூட்டிப் போடும் பாலிஜெனிக் ஸ்கோர் எடுக்கலாமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றோம். 2022 ஆய்வின் தரவை வைத்துக் கணக்கிட்டாலும் நோய் வரும் வாய்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் 7 சதவீதத்தைத்தான் அந்த மதிப்பெண் விளக்குகிறது. தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதால் மற்றவர்களுக்கு அது இன்னும் பலவீனம். இன்னொரு 'ஆபத்து அதிகம்' தாள்தான் கையில் கிடைக்கும். கிரின்2ஏ மாறுபாட்டுக்குத் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டுமா என்பதை அவருடைய விருப்பத்துக்கே விட்டோம். தெரிந்து என்ன செய்யப் போகிறேன் என்று யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார்.

தொடர்ந்து நடந்தது

குளோசபின் தொடங்கி ஓராண்டில் குரல்கள் எப்போதாவது வந்துபோகும் முணுமுணுப்பாகக் குறைந்தன. எண்ணங்கள் ஒலிபரப்பாகின்றன என்ற நம்பிக்கை தளர்ந்துவிட்டது. எடை கூடியிருக்கிறது, இரவில் எச்சில் வடிகிறது, இரண்டுக்கும் சிகிச்சை நடக்கிறது. பழைய பகுதி நேர வேலைக்குத் திரும்பியிருக்கிறார். விட்ட படிப்பைத் தொடர முடியவில்லை, ஊக்கமின்மையும் கவனக் குறைவும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றுக்கு இன்றுள்ள மருந்துகள் எதுவும் பெரிதாக உதவுவதில்லை. அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

நாங்கள் மாற்றியவை

முதல் சந்திப்பிலேயே பேச்சு, நடை, வலிப்பு, பள்ளி ஆகியவை பற்றிய கேள்விகள் இப்போது படிவத்தில் உண்டு. வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மைக்ரோஅரே முதல் நோய்க்கட்டத்திலேயே போகிறது. வெளியில் செய்த மரபணுச் சோதனை ஏதும் உண்டா என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்கிறோம், கடிந்துகொள்ளாமல். கடிந்தால் அடுத்த தாள் எங்கள் மேசைக்கு வராது. குளோசபின் எடுப்பவர் வார்டை விட்டுப் போகும்போது, எவ்வளவு புகைக்கிறார் என்பதை மருந்தளவுக்குப் பக்கத்திலேயே எழுதுகிறோம். முதல் வாரத்திலேயே இரத்த அளவு பார்க்க நாள் குறித்து அனுப்புகிறோம்.

பொருள் தெளிவாகாத மாறுபாடுகள் காலப்போக்கில் வகை மாறுவதுண்டு. இந்தக் குடும்பத்தின் கிரின்2ஏ முடிவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்திடம் மறுபடி கேட்க ஏற்பாடு செய்திருக்கிறோம். வகை மாறினால் நோயாளிக்கும் அப்பாவுக்கும் தெரிவிப்பது எங்கள் பொறுப்பு. அக்காவிடம் சொல்ல வேண்டுமா என்பதை அப்போது அவரிடமே கேட்போம்.